ஆணியின் உயரம்

மரம் அறுக்கிற செயின் மிஷினை அணைக்கவும் மனம் வரவில்லை, அழுத்தவும் கை வரவில்லை. கலாமணி அதை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கரடியின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். விசையை விட்டால் செயின் நின்றுவிடும், என்ஜின் மட்டும் டுபுடுபுவென்று தன்பாட்டுக்கு ஓடும். அந்த அதிர்வு மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, பல் வேர் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு வெட்டு. மூன்று வாரமாகப் புளியங்கட்டையோடு மல்லுக்கட்டி, பின்னங்காலில் எழுந்து புற்றைப் பிடித்து நிற்கும் தாய்க்கரடியையும் அதன் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும் குட்டியையும் வெளியே கொண்டுவந்தாயிற்று. கீழே பரந்து கிடந்த வேர்ப்பாகம் கரையான் புற்றாகிவிட்டது. மயிரைச் செயின் நுனியால் கீறி, கழுத்துப் பக்கம் தவிர மற்ற இடமெல்லாம் தீய்த்துக் கறுப்பாக்கியும் ஆயிற்று. பாக்கி இருப்பது குட்டியின் தாடைக்கும் தாயின் பிடரிக்கும் நடுவே ஒரு சந்து, கை நுழைகிற அளவு. அந்த வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால்தான் தாய் வேறு குட்டி வேறு என்று தெரியும், இல்லாவிட்டால் கரடிக்குக் கூன் விழுந்துவிட்டது என்று பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் சிரிக்கும். சந்தைக் குடைய வேண்டுமானால் மிஷினின் மூக்கை, அதாவது செயின் ஓடுகிற நீளத் தகட்டின் நுனியை, நேராக மரத்துக்குள் குத்த வேண்டும். மூக்குதான் அதில் பொல்லாத இடம். மூக்கின் மேல்பாதி உள்ளே ஏதாவது கெட்டியான பொருளில் இடித்தால், கண் சிமிட்டுவதற்குள் மொத்த மிஷினும் எகிறி முகத்துக்கு வந்துவிடும். மலை எஸ்டேட்டில் மரம் அறுக்கப் போன மாரப்பனுக்கு அப்படித்தான் வந்தது. இப்போது அவர் கஞ்சியைக்கூட ஒரு பக்க வாயால்தான் குடிக்கிறார். கணு இருந்தாலே எகிறும். ஆணி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆணி இங்கே இல்லை என்று கலாமணி தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆணி மேலே போயிருக்கும்.

மேலே போயிருக்கும், மேலே போயிருக்கும் என்று இந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாளோ. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பொள்ளாச்சி ரோட்டில் வரிசையாகப் புளியமரங்களைச் சாய்த்தபோது, ஹக்கீம் பாய் தன் மரமில்லுக்குச் சில கட்டைகளை எடுத்தார். அதில் ஒன்றை ஜேசிபி வேரோடு பிடுங்கியிருந்தது. லாரியிலிருந்து அதை உருட்டித் தள்ளியபோது கலாமணி அரத்தால் செயினைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தூசி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள். அடிமரத்தில் ஒரு பக்கம், கழுத்தில் கழலை வந்த மாதிரி ஒரு புடைப்பு. அதற்குக் கீழே நெடுஞ்சாலைக்காரர்கள் அடிக்கிற கறுப்பு வெள்ளைப் பட்டை. அரம் விரலில் ஏறிவிட்டது. அது அவளுடைய மரம். அவளுடைய மரம் என்றால் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்குள் அவளுடைய முடி இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனையோ கட்டை கிடக்கிற உலகத்தில் இது ஏன் இந்த மில்லுக்கு வந்து விழ வேண்டும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்தாள். பாயும் அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்து, "கரடிக்கு இதுதாம்மா செரி, வேரு புத்தாட்டமே இருக்குது பாரு" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. காரணத்தைச் சொல்வதானால் தொரையைச் சொல்ல வேண்டும். பேய் மரம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் மில்லில் ஒருத்தனும் கட்டையைத் தொடமாட்டான், பூங்காவுக்கென்று படம் போட்டுக் கொடுத்த வனத்துறைக்காரர்கள் கரடியையே வேண்டாம் என்பார்கள். இதெல்லாம் வெளியே சொல்கிற சமாதானம். தொரையின் பெயரை இன்னொரு ஆள் முன்னால் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதுதான் நிஜம்.

தொரை என்கிற துரைசாமி அவள் தம்பி. எட்டு வயதில் வாய்க்காலில் போய்விட்டான். அவளுக்கு அப்போது பதினைந்து. அவனை மதகில் ஒதுங்கிய இடத்திலிருந்து தூக்கி வந்து கிடத்தியபோது அவள் பார்த்தாள், பார்த்ததோடு பேச்சு நின்றது. வேண்டுமென்று இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கருமாதி முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, மழையும் வந்துவிட்டுப் போனது, அவள் பேசவில்லை. தம்பி அக்காவைப் பிடித்துக்கொண்டான் என்றார் பேய் ஓட்டுகிற கோடாங்கி. அவனுக்கு அக்காவை விட்டுப் போக மனசில்லையாம். போகாதவனைக் கட்டித்தான் ஆக வேண்டுமாம். ரோட்டோரத்துப் புளியமரத்தில் அவளை முதுகு சாய நிறுத்தினார்கள். அப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள், கோடாங்கி அதை ஆணியில் சுற்றி மரத்தில் வைத்துச் சுத்தியலால் அறைந்தார். ஒவ்வொரு அறைக்கும் மண்டைக்குள் பொறி பறந்தது. கடைசி அறையில் முடி வேரோடு இழுத்தது, "அம்மா" என்று கத்திவிட்டாள். பேச்சு வந்துவிட்டது, அவன் இறங்கிவிட்டான் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வலித்தால் யாருக்குத்தான் பேச்சு வராது என்று பிற்காலத்தில் கலாமணி பல தடவை நினைத்துச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோடாங்கி அம்மாவைப் பார்த்துச் சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. மரம் வளர வளர ஆணியும் வருஷா வருஷம் மேலே ஏறும், ஏறி ஏறி உச்சிக்குப் போய்விட்டால் பையன் அங்கேயிருந்து சாமியிடம் போய்விடுவான், அதுவரைக்கும் யாரும் ஆணியைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் யாரிடமிருந்து இறக்கினோமோ அவர்கள் மேலேயே வந்து ஏறிக்கொள்வான். முடியைக் கத்தியால் அறுத்து அவளை விடுவித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள், நடந்தாள். அம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆகவே கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தாள். அவள் தலை உயரத்தில் அடித்த ஆணி இத்தனை வருஷத்தில் எங்கேயோ மேல்கிளைப் பக்கம் போயிருக்க வேண்டும். மேல்மரம் முழுவதும் கரி மூட்டம் போடுகிறவர்களிடம் போய்விட்டது. தொரை புகையாகிப் போயிருப்பான், புகை மேலேதான் போகும், கோடாங்கி சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் பையைத் தடவுகிற, இரும்பு பட்டால் கீச்சிடுகிற அந்தக் கறுப்பு மட்டையை ஒரு நாள் காவல்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்து கட்டை முழுவதும் தடவினாள். இது ஊருக்குப் பொதுவான மரம், அவள் ஒருத்தி முடியா இதில் இருக்கும். கரடியின் காது வரப்போகிற இடத்துக்கு மேலே இரண்டு இடத்தில் கீச்சென்றது. உளியால் தோண்டி எடுத்தாள். துருப்பிடித்த வேறு யாருடைய ஆணிகளோ. அவர்களுடைய பேய்கள் எங்கே போயினவோ, கேட்டு யாரும் வரவில்லை. கீழே எங்கும் மட்டை பேசவில்லை. அப்போது கட்டை முழுக்கட்டை, மட்டைக்கு இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் காது கேட்காது, இதை அவள் யோசித்தாள், யோசித்து ஒதுக்கினாள், ஏனென்றால் ஆணி மேலே போயிருக்கும். இன்றைக்கு மத்தியானம் கடைசி வெட்டுக்கு மிஷினைத் தூக்கிக் கயிற்றை இழுத்த நிமிஷத்தில்தான் அந்தத் தகரப் பலகை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பஞ்சர் என்று எழுதி அம்பு போட்ட பலகை, மரத்தைச் சாய்த்தவர்கள் ஆணியோடு பிடுங்கி எறிகிற வரைக்கும் அதே மரத்தில் அடித்திருந்தது. அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் தொரை கையை நீட்டி அதை டணார் என்று அறைவான். அப்பா திட்டுவார், அவன் சிரிப்பான், அடுத்த நாளும் அறைவான். அந்தப் பலகையில்தான், மரத்தை வெட்டுவதற்குச் சில மாதத்துக்கு முன்னால் அவள் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க நிறுத்தியபோது, ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினாள். அதே தோள் உயரம். பாதியைப் பட்டை விழுங்கியிருந்தது, மற்றபடி ஓர் அங்குலம் ஏறவில்லை. பலகையையும் ஆணியில்தானே அடித்திருந்தார்கள்.

ஏறாது. மரம் நுனியில்தான் வளரும், அடியில் பருக்கும், அவ்வளவுதான். மரத்தோடே பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும், யாராவது கேட்டிருந்தால் வாயும் சொல்லியிருக்கும். ஆனால் கோடாங்கி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றது பதினைந்து வயதுப் பெண். அவளிடம் போய் யாரும் மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. கலாமணி மிஷினைத் தரையில் வைத்தாள். என்ஜினை அணைக்காமலே வைத்தாள், அணைத்தால் அந்த அமைதியில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தாள். ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மில் கொட்டகை நிழலில் அம்மா மாராத்தாள் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கலாமணி கரடியிடம் போய்த் திரும்பி நின்று முதுகைச் சாய்த்தாள், அன்றைக்கு நிறுத்திய மாதிரியே. குதிகால் புற்றில் பட்டது. உயரம் அன்றைக்கும் இதேதான், பதினைந்துக்கு மேல் அவள் வளரவில்லை. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் உச்சியைத் தொட்டு, அப்படியே பின்னால் நீட்டினாள். விரல் பட்டது குட்டியின் தாடையில். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மட்டைக்கு எட்டாத ஆழத்தில் இருந்ததை மூன்று வாரமாக அவளேதான் சீவிச் சீவி மேலே கொண்டுவந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஹக்கீம் பாய் வாசலிலிருந்து வந்தார். கிரேன் கிணத்துக்கடவு தாண்டிவிட்டதாம், பூங்காவில் நாளைக்குக் காலை திறப்பு விழாவாம், மந்திரியோ யாரோ வருகிறார்களாம். அவள் முகத்தைப் பார்த்து, வெய்யில் தாக்கிவிட்டதா, மோர் கொடுத்துவிடட்டுமா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, இதோ முடிந்துவிடும் என்று சொன்னாள். இப்போதாவது சொல்லலாம். சந்து இல்லாமல் போகட்டும் என்றால் படத்தில் இருக்கிறதே என்பார். உளியால் குடையலாம் என்றால், புளியங்கட்டையில் உளி என்பது பாறையில் நகத்தை வைத்துக் கீறுவது, நாளைக்குள் நடக்காது. சினிமாக் கொட்டகைக்காரரின் மட்டையை மறுபடி வாங்கலாம் என்றால் அது மத்தியானக் காட்சி நேரம். வழியெல்லாம் சுற்றிச் சுற்றி அந்தத் தாடையில் வந்துதான் நின்றது. பாய் போய்விட்டார். அவள் ஹெல்மெட்டின் வலையை முகத்தில் இழுத்துவிட்டு மிஷினைத் தூக்கினாள்.

காலை அகட்டி வை. இடது கையை மடக்காதே. முகத்தை மிஷினின் நேர்க்கோட்டில் வைக்காதே, ஓரமாக வை. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதையெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு மூக்கை வைத்தாள். விசையை அழுத்தினாள். தூள் வெளுப்பாகப் பறந்தது, நல்ல தூள், மஞ்சள் வெளுப்பு. புளியமரத்தில் நடுவில் கறுப்பு வைரம், வெளியே வெளுப்பு. வெளுப்பு வரைக்கும் பயமில்லை. ஆணி இருந்தால் அதைச் சுற்றி மரம் நீலங்கறுத்துப் போயிருக்கும், அது தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஒரு விரல் ஆழம் போயிற்று. தூளில் ஒரு கறுப்புக் கீற்று வந்தது. நிறுத்தினாள். ஊதிப் பார்த்தாள். வைரத்தின் ஓட்டமாகவும் இருக்கலாம், புளியமரத்து வைரம் ஒழுங்காக நடுவிலேயே உட்கார்ந்திருப்பதில்லை, வெளியேயும் கீற்றுக் கீற்றாக ஓடும். துருவாகவும் இருக்கலாம். விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்தாள். புளித்த வாடை. இரும்பின் வாடையா, தன் கையுறையின் வாடையா. மறுபடி அழுத்தினாள், சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அழுத்தினாள், சத்தம் மாறுகிற மாதிரியும் இருந்தது மாறாத மாதிரியும் இருந்தது. மாரப்பன் கஞ்சி குடிக்கும்போது துண்டை வாயோரம் பிடித்துக்கொள்வார். தன் தாடையை நாக்கால் உள்ளேயிருந்து தடவிப் பார்த்துக்கொண்டாள், இருந்தது. முகம் போனால் போகட்டும், பேச்சுப் போய்விட்டால்? செயின் ஆணியைக் கவ்வி வெளியே எறிந்தால் தொரை திரும்ப வந்து ஏறிக்கொள்வான், வாய் அடைத்துக்கொள்ளும், உள்ளே ஒன்றும் இருக்காது. சீ, என்ன பைத்தியக்காரத்தனம், பேயாவது பிசாசாவது. வந்தால்தான் என்ன. வரட்டுமே. எட்டு வயதுப் பையன், அக்காவை விட மனமில்லாமல் இருந்தானாம், அதற்காக ரோட்டோரத்தில் ஆணி அடித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்களாம். லாரியும் பஸ்ஸும் போகிற ரோடு. அவனுக்கு லாரி ஹாரன் பிடிக்காது, காதைப் பொத்திக்கொள்வான். கண்ணுக்குள் வலைக்கம்பி கலங்கியது. அழுதுகொண்டு மிஷின் பிடிக்கக் கூடாது. அது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதில் இல்லை, ஆனாலும் கூடாது. விசையை முழுக்க அழுத்திவிடு, இருந்தால் இருக்கட்டும், நடப்பது நடக்கட்டும், ஒரே குத்து. மூக்கை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள். விரல் விசையில் இறங்கியது. அப்போது வலையின் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. கலாமணி உடம்பு முழுவதும் பதறி, விசையை விட்டு, மிஷினைப் பின்னால் இழுத்து, என்ஜினை அணைத்தாள்.

அம்மா. ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கலாமணிக்கு வந்த கோபத்தில் வாயில் கெட்ட வார்த்தையே வந்தது, அடக்கிக்கொண்டாள். மாராத்தாள் அதையெல்லாம் கவனித்த மாதிரி இல்லை. கையை நீட்டிக் குட்டியின் தாடைக்குக் கீழே, கறுப்புக் கீற்று தெரிந்த இடத்துக்கு இரண்டு விரல் மேலே, உள்ளங்கையைப் பதித்தாள். அப்போதுதான் கலாமணிக்கு உறைத்தது. பத்து வருஷமாக மில் வாசலை மிதிக்காத அம்மா, இந்தக் கட்டை வந்த நாளிலிருந்து தினமும் சோறு கொண்டுவருகிறாள். வந்ததும் கட்டையில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பாள். மூட்டு வலி, மூச்சு வாங்குகிறது என்று கலாமணி நினைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் இதே இடம்.

"அங்க வெக்காத கண்ணு. இங்க இருக்கறான்" என்றாள் அம்மா.

கலாமணி மிஷினைத் தரையில் வைத்தாள். வலையை மேலே தூக்கிவிட்டாள். ஆணி மேலே ஏறியிருக்கும் என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டாள். கேட்டபோது குரல் பதினைந்து வயதுக் குரலாக இருந்தது, அவளுக்கே கேட்டது.

"அவன் ஏறவே இல்ல சாமி. செவ்வாக்கெளம செவ்வாக்கெளம போயிப் பாத்தன். இந்த வருசம் கொஞ்சம் ஏறியிருப்பான், அடுத்த வருசம் ஏறியிருப்பான்னு பாத்தன். எங்கையி எட்டற எடத்துலயேதான் நின்னான். அப்பறம் பட்டை மூடிருச்சு. மூடுனாலும் எடம் தெரியுமல்லோ" என்றாள் மாராத்தாள். பிறகு, கைக்கு அடியில் தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு, மரத்தைச் சாய்த்த அன்றைக்குக் கரி மூட்டத்துக்குப் போய்விடுமே என்று தான்தான் ரோட்டிலேயே ஹக்கீம் பாயிடம் போய் நின்று, அடிமரத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதாகச் சொன்னாள். நெருப்பில் போகவிட மனசு வரவில்லையாம். இந்தக் கட்டை ஏன் இங்கே வந்து விழுந்தது என்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ மறுக்கா பேசாமப் போயிருவியோன்னு பயந்தன்."

இத்தனை வருஷமும் இவளும் அந்த ஒரு பயத்தைத்தான் தூக்குப்போசி மாதிரி கையோடு எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள் என்று கலாமணிக்குத் தோன்றியது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையை ஆணியடித்துவிட்டு, பிறகு வாராவாரம் போய் அவன் எவ்வளவு உயரம் ஏறினான் என்று பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி இட்லி சுட்டுப் போட்டிருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகைதான் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அம்மா கையை எடுக்கவில்லை. கலாமணி கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். மரம் மிஷின் பட்ட சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

சந்து குடையவில்லை. போட்டிருந்த வெட்டை மட்டும் கொஞ்சம் வளைத்து இழுத்து, தாயின் பிடரியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு கிடக்கிற மாதிரி குட்டியின் முகத்தைத் திருத்தினாள். திறந்திருந்த கண்ணை மூட வேண்டியிருந்தது. அதைச் சின்ன உளியால் செய்தாள், மேல் இமையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். கழுத்தைத் தீய்த்து முடித்தபோது கிரேன் வாசலில் வந்து நின்றது. பாய் வந்து சுற்றிப் பார்த்தார். படத்தில் இப்படி இல்லையே, சந்து எங்கேம்மா என்று கேட்டார். கலாமணி குட்டியின் முதுகிலிருந்த தூளைத் துணியால் தட்டிவிட்டு, "தூங்குதுங்க பாய்" என்றாள். அவர் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கிரேன்காரரைக் கூப்பிட்டார்.

பெல்ட்டைப் புற்றுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று மாட்டினார்கள். முறுக்கு விழாமல் இருக்கிறதா என்று கலாமணி இழுத்துப் பார்த்தாள். கிரேன்காரர் உட்கார்ந்து கியரைப் பிடித்தபோது அம்மா அவரிடம் போய் அண்ணாந்து, "பாத்து மெதுவாத் தூக்குங்க சாமி, பையன் இருக்கறான்" என்றாள். அவர் பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டு, கரடிக்குப் பின்னால், லாரிக்கு அடியில் எல்லாம் எந்தப் பையன் என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கலாமணி தூக்கலாம் என்று கையைக் காட்டினாள். பெல்ட் விறைத்தது, புற்று தரையை விட்டது, கரடி குட்டியோடு மெல்ல மேலே ஏறியது. அம்மாவின் கை எட்டுகிற உயரத்தைத் தாண்டியது, கொட்டகைக் கூரையைத் தாண்டியது, இன்னும் ஏறியது. மாராத்தாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.